பசங்களை மாமா என்று கூப்பிடச் சொல்லாதே

கண்ணு பிரபு,

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசி வைத்த பிறகு மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். மூன்று நாளும் நான் ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டதைப் பார்த்தவள் அவள். "ஏனுங்க, மகனுக்கு எழுதறப்பவாச்சும் நெசத்தை எழுதுங்க" என்றாள். அதனால் அந்த வரியை அடித்துவிட்டேன். சோறு இறங்கியது, தூக்கம்தான் வரவில்லை. இந்தக் கடிதத்தில் இதுபோல் அடித்த இடங்கள் நிறைய இருக்கும், பார்த்துப் படி. நான் படித்தது எட்டாவது வரைக்கும். எட்டாவதை இரண்டு வருஷம் படித்தேன் என்பதால் ஒன்பதாவது என்று சொல்லிக்கொள்வது வழக்கம். கோயமுத்தூர் கணபதியில் லேத்து, பிரஸ் வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் என் பெயர் தெரியும் என்பது மட்டும் பொய்யில்லை, அதை அடிக்க மாட்டேன்.

நீ போனில் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். சரவணம்பட்டி கம்ப்யூட்டர் வேலையை விட்டாகிவிட்டது, மதுக்கரைப் பக்கம் ஷெட் பிடித்தாகிவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை பூஜை. நம் பட்டறையில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கிற, தகடு வெட்டுகிற பழைய பவர் பிரஸ்ஸை வண்டி வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாய். எல்லாம் சரி. அப்புறம் ஒன்று சொன்னாய், சிரித்துக்கொண்டே. "ரெண்டு பசங்க கெடைச்சிருக்காங்கப்பா, பதினாறு வயசு, நல்ல சுறுசுறுப்பு. யாராச்சும் ஆபீசருங்க வந்தா என்ன பண்றதுன்னு கவலைப்படாதீங்க, உங்க டெக்னிக்குதான். இப்பவே ரெண்டு பேரும் என்னை மாமாங்கறாங்க." நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, உன் அம்மா பார்த்து "என்னாச்சுங்க, முகம் இப்படி இருக்குது" என்று கேட்டாள்.

அந்த டெக்னிக்கை உனக்குக் கொடுத்தவன் நான்தான். உன் சித்தப்பன் மகள் கல்யாணப் பந்தியில் சொன்னேன், உன் நண்பர்கள் வீட்டுக்கு வந்தபோது சொன்னேன், டீக்கடையில் எத்தனை தடவை என்று கணக்கில்லை. லேபர் ஆபீசர் திடீரென்று வந்து இறங்கினார். முதலில் ஒரு ஜீப், நான் சொல்லச் சொல்ல இரண்டு ஜீப் ஆனது. பெரிய மீசை, கூட நாலு பேர். பட்டறையில் பதினெட்டு வயது ஆகாத பசங்க நாலு பேர் வேலை செய்கிறார்கள். நான் கொஞ்சமும் அசராமல், "எல்லாம் என்ற அக்கா தங்கச்சி மக்கங்க, லீவுக்கு மாமன் ஊட்டுக்கு வந்திருக்காங்க" என்றேன். பசங்களும் மாமா, மாமா என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். உன் அம்மா பருப்புப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டு வாழை இலையில் வைத்தாள். ஆபீசர் நெய் ஊற்றி மூன்று ஒப்பிட்டு சாப்பிட்டு, "இந்தக் காலத்திலும் இப்படி ஒரு தாய்மாமனா" என்று கண் கலங்கிப் போனார். இதுதான் நீ கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆக்கிய கதை. நீ இதை என்னைவிட நன்றாகச் சொல்வாய் என்று உன் நண்பன் ஒருவன் என்னிடமே சொன்னான். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அதை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறேன். ஜீப் வரவில்லை. ஒரு ஸ்கூட்டர் வந்தது. மீசையும் கிடையாது, வந்தது ஒரு அம்மா. ஒல்லியாக, வெயிலில் கறுத்து, தோளில் ஒரு பை, பைக்குள் டிபன் டப்பா. நாங்கள் கொடுத்த எதையும் தொடவில்லை, தன் பாட்டிலில் இருந்த தண்ணீரைத்தான் குடித்தார். ஒப்பிட்டு அன்றைக்கு வீட்டில் சுடவே இல்லை. மாமா என்று கூப்பிட்டது மட்டும் நிஜம். அதை நான் ஆபீசர் வந்த அன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை, பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்தே வைத்திருந்தேன். வேலைக்கு வரும் சின்னவர்கள் யாராக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "இங்க மொதலாளி தொழிலாளியெல்லாம் கிடையாது, எல்லாம் ஒரு குடும்பம், மாமான்னு கூப்பிடோணும்." கேட்பவர்களுக்கு எவ்வளவு நல்ல மனுஷன் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கோட்டைமேட்டிலிருந்து டை செய்து தர வரும் காதர் பாய் ஒருத்தர்தான் கடைசி வரை மாட்டேன் என்றார். பிரஸ்ஸில் தகட்டை வெட்டும் அச்சுக்குத்தான் டை என்று பெயர், அதைச் செதுக்குவதில் அவருக்கு இணை கிடையாது. அவர் சொன்னார்: "நான் உங்களை மொதலாளின்னுதான் கூப்பிடுவேன். மாமான்னு கூப்பிட்டுட்டா அப்புறம் உங்ககிட்ட ஞாயம் கேக்க முடியாது பாருங்க." நான் அதை ஜோக்காக எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவர் ஜோக்குக்குச் சொல்லவில்லை.

கோகிலா உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனைமலைப் பக்கத்துப் பிள்ளை, அப்பன் தேங்காய் லோடு ஏற்றுகிறவர். நம் பட்டறைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் அவளுடைய பெரியம்மா குடியிருந்தது. எட்டு வருஷம் முன்னால், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும் வரைக்கும் என்று வந்தாள். பதினாறு வயது. அவள் அம்மாவே கூட்டி வந்து, "சும்மாதானுங்க இருக்குது, உங்க பார்வையில இருக்கட்டுமுங்க" என்றது. உங்க பார்வையில் என்று ஒரு தாய் சொன்ன வார்த்தையை இப்போது எழுதும்போதுதான் நிறுத்தி யோசிக்கிறேன். முதல் வாரம் தகடு எண்ணி அடுக்கினாள், கணக்குப் பிசகவே இல்லை. இரண்டாவது வாரம் பிரஸ்ஸில் உட்கார வைத்தேன். பம்பு மோட்டாருக்குள் போகிற வட்டத் தகடு அப்போது நமக்கு ஒரு பெரிய ஆர்டர். தகட்டை டைக்கு நடுவில் கையால் வைத்து, கையை எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும், டையின் மேல்பாதி மேலேயிருந்து இறங்கி வெட்டும். வைப்பது, எடுப்பது, மிதிப்பது, அவ்வளவுதான். கைக்கும் டைக்கும் நடுவில் ஒரு கம்பிக் கதவு, கார்டு என்போம், அது இருந்தால் கை உள்ளே இருக்கும்போது பெடல் வேலை செய்யாது. ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்து மூடினால் பாதித் தகடுதான் ஓடும் என்று ஸ்பானரை எடுத்துக் கார்டைக் கழற்றியது நான். காதர் பாய் பார்த்துவிட்டு, "மொதலாளி, கார்டு இல்லாம ஓட்டாதீங்க" என்றார். "அவ விரல் மின்னல் மாதிரி, மெஷினே அவகிட்ட தோத்துப்போயிரும் பாய்" என்றேன். எப்படிப்பட்ட வாய் பார்.

சரி, ஆபீசர் அம்மா வந்த நாளுக்கு வருகிறேன். அக்கா மகள் என்று நான் சொன்னேன், அது வரைக்கும் கதை ஒத்துப்போகிறது. ஏனென்றால் எனக்குச் சட்டம் தெரியும் என்று ஒரு நினைப்பு. டீக்கடையில் ஒருத்தர் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்திருந்தது: குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவி செய்யலாம், குடும்பம் என்றால் தாய்மாமனும் அதில் சேர்த்தி, சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தாய்மாமனைச் சட்டமே மதிக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர் அடுத்த வரியைப் படிப்பதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த அம்மா நான் சொன்னதை நின்று கேட்டார், எதுவும் எழுதவில்லை. அந்த நேரம் பார்த்து நீ காலேஜ் லீவில் வீட்டிலிருந்து எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாய். கோகிலா மெஷினில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்: "மாமா, பிரபு அண்ணன் சோறு கொண்டாந்திருக்காங்க." ஆபீசர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "மாமன் மகனை அண்ணன்னு கூப்பிடற வழக்கம் உங்க பக்கம் உண்டுங்களா?"

நம் பக்கத்தில் எந்தக் குழந்தையிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார், மாமன் மகன் என்றால் கட்டிக்கிற முறை, அண்ணன் என்று நாக்குத் தவறிக்கூட வராது. அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. என்னை மாமா என்று கூப்பிடச் சொன்னேன், கூப்பிட்டாள். உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால் மனசில் இருந்தபடி கூப்பிட்டுவிட்டாள். நான், "சின்ன வயசுல இருந்து அப்படியே பழகிப்போச்சுங்க" என்று வழிந்தேன். நீ யாரோ தகடு வாங்க வந்த அம்மா என்று நினைத்துத் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாய், உனக்கு இதெல்லாம் தெரியாது. அந்த அம்மா பைக்குள் இருந்து அச்சடித்த ஒரு தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதைப் படிச்சுப் பாத்து சுவத்துல ஒட்டுங்க. நீங்க நெசமாவே மாமாவா இருந்தாலும் ஒட்டுங்க. நாளைக்கு இந்தப் பொண்ணோட பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வாங்க. இப்ப அவளை அந்த மெஷினை விட்டு எந்திரிக்கச் சொல்லுங்க." கோகிலா எழுந்து நின்றாள். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. "ம், உக்காரு அம்மணி" என்றேன். உட்கார்ந்தாள்.

தாளை ஒட்டினேன். சொன்ன சொல் தவறமாட்டேன் இல்லையா, ஒட்டினேன். ஒட்டி, அதன் மேலேயே மளிகைக்கடைக் காலண்டரை மாட்டினேன். ஆபீசுக்குப் போகவில்லை, ஆர்டர் முடியட்டும் என்று இருந்தேன். மூன்றாவது நாள் மதியம் மூன்று மணிக்குக் கோகிலாவின் வலது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. காலை எட்டரைக்கு உட்கார்ந்தவள். சாப்பிடக் கால் மணி நேரம்தான் விட்டிருந்தேன். அவள் கத்தவில்லை. "மாமா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள், சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி. நான் தகட்டு மூட்டைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், திரும்பாமல் "இரு அம்மணி, வாரேன்" என்றேன். அந்த "இரு அம்மணி" என்பதைத்தான் கண்ணு என்னால் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டும் நல்ல மாதிரி ஆக்க முடியவில்லை. நான் எத்தனையோ கதைக்கு ஜோடனை செய்தவன், இதற்கு ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். வழியெல்லாம் ஆட்டோவில் அவள் கையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தவன், என் சட்டையெல்லாம் ரத்தம், அந்த நிலையிலும் என் வாய் தயாராக இருந்தது. "என்ற மருமகளுங்க. ஊட்டுல தண்ணி மோட்டார் பெல்ட்டுல கை மாட்டிக்கிச்சு." டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, எப்படி ஆச்சு" என்றார். அவள் உதடெல்லாம் வெள்ளையாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். "மாமா சொல்றதுதானுங்க" என்றாள். நான் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வருகிறேன். தினமும் காலையில் மாமா, மாமா என்று கூப்பிட வைத்தவன் நான். பதினாறு வயதுப் பிள்ளை மாமாவை எப்படிக் காட்டிக் கொடுக்கும்? முதலாளி என்று கூப்பிட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். காதர் பாய் சொன்ன ஞாயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது, விளங்கியும் வாயை மூடிக்கொண்டேன். வைத்தியத்துக்கு ஆனதையெல்லாம் செய்தேன், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன், அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்க இப்போது ஆசை இல்லை. அந்த ஆபீசர் அம்மா மறுபடி வந்தபோது, "அந்தப் புள்ள ஊருக்குப் போயிருச்சுங்க" என்றேன். அது நிஜம்தான், கையில் கட்டோடு போயிருந்தாள். உனக்கு என்ன சொன்னேன் தெரியுமா? ஊரில் தேங்காய் உரிக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டாளாம் என்றேன். நீ "அச்சச்சோ" என்றாய். ஒரு வருஷம் கழித்துத்தான் அந்த ஜீப் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். யாராவது கோகிலாவைப் பற்றிக் கேட்கும் முன் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டால் கேட்க மாட்டார்கள் என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

நீ போன் பேசிய பிறகு இதையெல்லாம் உனக்கு எழுதி, ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். உனக்கு அனுப்பும் முன் அவள் படிக்க வேண்டும் என்று தோன்றியது. இது அவளுடைய கை, என் கதை இல்லை. உன் அம்மாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். பொள்ளாச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கோகிலா இப்போது வேலை பார்க்கிறாள். பன்னிரண்டாவது ஒரு வருஷம் தள்ளிப்போய், கல்லூரி முடித்து, எட்டு விரலில் டைப் அடிக்கிறாள். ஆனைமலையில் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா, தண்ணி குடியுங்க" என்றாள். அவள் அம்மா சொம்பை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனது, அப்புறம் வெளியே வரவே இல்லை. கடிதத்தை நீட்டினேன். முதல் பக்கம் படித்தவுடனே பேனாவை எடுத்தாள்.

"ரெண்டு ஜீப்புன்னு போட்டிருக்கீங்க. வந்தது ஸ்கூட்டருங்க."

"அதைப் பின்னாடி நானே திருத்தியிருக்கேன் அம்மணி."

"அதுவும் நீலக் கலருன்னு போட்டிருக்கீங்க. சேப்புக் கலருங்க." அடித்தாள். "இங்க, கார்டு லூசா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. லூசா இல்லீங்க மாமா. நீங்கதான் கழட்டினீங்க, நான் பாத்துட்டு இருந்தேன்." அதையும் அடித்தாள். பேனாவை அவள் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடிக்கிறாள், எழுத்து என் எழுத்தைவிட எவ்வளவோ அழகு. நீ இப்போது படித்துக்கொண்டிருப்பது அவள் அடித்தது போக மீதி இருந்ததை வைத்து நான் மறுபடி எழுதியது. ஆறு பக்கம் இருந்தது மூன்று பக்கம் ஆகி, அதற்கப்புறம் அவள் சொன்னதைச் சேர்த்து மறுபடி நீண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தபோது அவள் எதையும் அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "எட்டு வருசமா நான் தண்ணி மோட்டாருன்னேதாங்க சொல்லிட்டு இருக்கேன். பள்ளிக்கூடத்துலயும் அதேதான், காலேஜுலயும் அதேதான், பொண்ணு பாக்க வந்தவங்க கேட்டப்பவும் அதேதான். சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே உங்க ஊட்டு மோட்டாரை நெசமாப் பாத்த மாதிரி இருக்குதுங்க. உங்க ஊட்டுல பெல்ட்டு மோட்டாரு இருக்குதுங்களா மாமா?" நம் வீட்டில் இருப்பது போர்வெல் மோட்டார், பூமிக்குள் இருக்கிறது, அதில் பெல்ட்டே கிடையாது. "இல்லை அம்மணி" என்றேன். "நெனச்சேனுங்க" என்றாள். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவள் திட்டவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நீ எடுக்கப்போகிற பசங்களைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறியது. அவள் ஆபீசுக்கு வருகிற கம்பெனிக்காரர்களுக்கு இதையெல்லாம் சொல்வது அவள் வேலையே. டீக்கடையில் நான் கேட்காமல் எழுந்து வந்த அடுத்த வரியை அவள் வாயிலிருந்து கேட்டேன். பதினாலு வயது ஆகாத பிள்ளைகளை வேலைக்கே வைக்கக் கூடாது. குடும்பத்துக்கு உதவலாம் என்கிற சலுகை அவர்களுக்குத்தான், அதுவும் பள்ளிக்கூட நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில், நிஜமான சொந்தத்துக்கு. பதினாலு முடிந்து பதினெட்டு ஆகாதவர்களை எடுக்கலாம், ஆனால் ஆபத்தான வேலை எதிலும் விடக் கூடாது. "மாமன்னு கூப்பிட்டா பிரஸ்ஸுல உக்கார வெக்கலாம்னு எந்தச் சட்டத்துலயும் இல்லீங்க" என்றாள். வயதுக்குச் சான்று வாங்கி வைக்க வேண்டும். வேலைக்கு எடுத்ததை லேபர் ஆபீசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஏழு மணிக்குப் பின்னாலும் வேலை கூடாது, ஓவர்டைம் கூடாது, வாரத்துக்கு ஒரு நாள் முழு லீவு. மூன்று மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு, ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். "பிரபு அண்ணன் ஷெட்டு பெருசானா ஃபேக்டரி சட்டமும் சேந்து வரும், அதுக்கு டாக்டர்கிட்ட உடம்புத் தகுதிச் சர்ட்டிபிகேட்டு வாங்கோணும். சட்டமும் அப்பப்ப மாறிக்கிட்டே இருக்குதுங்க, அண்ணனை நேரா ஆபீசுல போய்க் கேட்டுக்கச் சொல்லுங்க." நான் தலையாட்டிக்கொண்டே விரல் விட்டு எண்ணினேன். எட்டரைக்கு வந்தால், ஆறு மணி நேரம், இரண்டரை. மூன்று மணிக்கு அவள் கை அந்த டைக்குள் இருந்தது. எதிலும் உட்காராமல், சும்மா தகடு எண்ணுகிற வேலைக்கு வந்திருந்தால்கூட, சட்டப்படி அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே அவள் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் எண்ணுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இதை எப்போதோ எண்ணி முடித்துவிட்டாள் என்று தெரிந்தது.

ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதிக் கொடுத்தேன். கோகிலா என் பட்டறையில் வேலை செய்தவள், என் சொந்தம் இல்லை, வயது பதினாறு, கை போனது பிரஸ்ஸில், கார்டைக் கழற்றியது நான், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான். கையெழுத்துப் போட்டு, "இதை வெச்சு நீ என்ன வேணாலும் பண்ணு அம்மணி, நான் எங்க வேணாலும் வந்து இதையே சொல்றேன்" என்றேன். இரண்டு தடவை படித்தாள். மடித்துத் தன் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். என்ன செய்யப்போகிறாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போலீஸ், கோர்ட்டு எது வந்தாலும் வரட்டும், உன் பெயர் அதில் வராது, பயப்படாதே. பயமெல்லாம் எனக்குத்தான், அதில் உனக்குப் பங்கு தரமாட்டேன்.

கிளம்பும்போது, பஸ் ஸ்டாண்டில் வாங்கி வைத்திருந்த ஒரு நீள நோட்டை அவளிடம் கொடுத்து, சின்னவர்களை வேலைக்கு வைத்தால் எழுத வேண்டிய பதிவேட்டை எப்படிப் போட வேண்டும் என்று உனக்காகக் கோடு போட்டுத் தரச் சொன்னேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், என்ன வேலை. போட்டு முடித்துக் கொஞ்சம் யோசித்தாள். முதல் வரியில் தன் பெயரையே எழுதினாள். பிறந்த தேதி எழுதினாள். வேலை நேரம், காலை எட்டரை. ஓய்வு, கால் மணி. என்ன வேலை என்ற இடத்தில் பவர் பிரஸ் என்று எழுதினாள். "இது இப்ப எதுக்கும் செல்லாதுங்க. அண்ணன் பாக்கட்டும்னு எழுதறேன்" என்றாள். நான் அந்தக் கட்டங்களை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். வாய் சும்மா இருக்காதே, கேட்டுவிட்டேன்: "உறவு எங்க எழுதறது அம்மணி?"

"அப்படி ஒரு கட்டம் இல்லீங்க" என்றாள். கீழே கோடு போட்டு, முதலாளி கையெழுத்து என்று எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினாள். போட்டேன். பஸ் ஏற்றிவிட வந்தவள், "பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். வழக்கமாகக் கடைசியில் சேர்க்கிற வார்த்தையைச் சேர்க்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைப் பொள்ளாச்சி வரைக்கும் யோசித்தேன். அவள் எனக்கு ஏதோ திருப்பிக் கொடுத்துவிட்ட மாதிரியும் இருந்தது, என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது.

பிரஸ்ஸை வெள்ளிக்கிழமைக்கு எடுக்க வராதே. காதர் பாயை நேற்றுப் போய்ப் பார்த்தேன், வயசாகிவிட்டது, இருந்தாலும் அவர் கையாலேயே புதுக் கார்டு செய்து தருகிறேன் என்றிருக்கிறார். கழற்ற முடியாத மாதிரி வெல்டு வைத்துத் தரச் சொன்னேன், "அதை எட்டு வருசம் முன்னாடி சொல்லியிருக்கோணும் மொதலாளி" என்றார். அது மாட்டிய பிறகு வண்டி கொண்டு வா. அதில் பதினெட்டு வயது தாண்டி, வேலை கற்றுக்கொண்டவன் மட்டும்தான் உட்கார வேண்டும். அந்தப் பசங்க இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியுமா என்று அவர்கள் வீட்டில் போய் முதலில் கேள். முடியவே முடியாது, வேலை வேண்டும் என்றால் பேக்கிங்கில் வை, ஆறு மணி நேரம் வை, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பு. அவர்கள் உன்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், மாமா என்று மட்டும் கூப்பிடச் சொல்லாதே. நாளைக்கு உன்னைப் பற்றி யாராவது கேட்டால் அவர்களுக்கு உள்ளதைச் சொல்ல வாய் வர வேண்டும். என் ஜீப் கதையை யாரிடமெல்லாம் சொன்னாயோ அவர்களுக்கு ஸ்கூட்டர் கதையையும் சொல்லிவிடு. நானும் டீக்கடையில் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு அந்த நீள நோட்டு இருக்கிறது. அதற்குள் மடித்து வைத்திருப்பது ஆபீசர் அம்மா கொடுத்த தாள். காலண்டரை எடுத்துப் பார்த்தபோது கொஞ்சமும் வெயில் படாமல் புதுசு மாதிரியே இருந்தது, சுவரிலிருந்து பிய்க்கும்போதுதான் ஒரு மூலை கிழிந்துவிட்டது. உன் ஷெட்டில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டு, மேலே எதையும் மாட்டாதே. நோட்டில் முதல் வரி ஏற்கெனவே எழுதியிருக்கும். அதைக் கிழித்துவிடாமல் அதன் கீழே இருந்து நீ எழுத ஆரம்பி.

உன் அப்பா,
கோகிலாவுக்கு முதலாளியாக இருந்தவன்.